340 பேர் போனில் இருக்கும் ஆப்: பிளே ஸ்டோரா, இண்டஸா, வாட்ஸ்அப் ஏபிகேவே போதுமா?

பனியன்கோடு | திருப்பூர் | 3 டிசம்பர் 2025, இரவு 10.42

வணக்கமுங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை.

பகல்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். ராத்திரியில உக்காந்து ஃபிளட்டர்ங்கற ஆப் எழுதற டூல்ல ஒரு ஆப் பண்ணினேன். பவர்டேபிள் யூனிட்ல பீஸ் ரேட்டுக்குத் தைக்கறவங்க அன்னன்னைக்கு எத்தனை டஜன் ஓவர்லாக், எத்தனை டஜன் ஃபிளாட்லாக்னு போட்டுட்டே வந்தாப் போதும். சனிக்கிழமை சம்பளத்தன்னைக்குத் துண்டுச்சீட்டைத் தேடிட்டு காண்ட்ராக்டர்கிட்ட நிக்க வேண்டியதில்லைங்க. தமிழ், ஹிந்தி ரெண்டும் இருக்கு, ஏன்னா இங்க பாதி டெய்லருங்க பீகார், ஒடிசா. நெட் வேண்டியதில்லை, கணக்கு பூரா போனுக்குள்ளயே இருக்கும்.

எங்க வீதியில ஒரு யூனிட்டுக்கு வாட்ஸ்அப்ல ஏபிகே (ஆப்பை நேரா இன்ஸ்டால் பண்ற ஃபைல்) அனுப்பி ஆரம்பிச்சது, இப்ப 340 பேர் ஆயிடுச்சு. தொல்லை என்னன்னா, புதுசா யாருக்கு அனுப்பினாலும் "இது அந்தக் கல்யாணப் பத்திரிகை ஏபிகே மாதிரிங்களா?"ன்னு கேக்கறாங்க. பத்திரிகைன்னு அனுப்பி ஓடிபியைத் திருடி அக்கவுண்டைத் துடைச்சவனுங்க இருக்கறப்ப அவங்க கேக்கறது நியாயந்தான். இன்னொண்ணு, அப்டேட் அனுப்பினா பாதிப் பேர் போடறதில்லை. இப்ப மூணு வெர்ஷன் ஊருக்குள்ள ஓடிட்டிருக்குது.

பிளே ஸ்டோர் மட்டும் போதுங்களா? இண்டஸ், சாம்சங் கடை, எஃப்-டிராய்டுன்னு இருக்கற மத்த ஆப் கடை எல்லாத்துலயும் போடறதா? இல்ல ஒரு வெப்சைட் எடுத்து அதுல ஏபிகேயை வச்சு இப்படியே ஓட்டறதா? இப்பக் காசு வாங்கறதில்லை. காண்ட்ராக்டருங்களுக்கு ரிப்போர்ட் போட்டுக் குடுத்து வருசத்துக்கு 199 ரூபா வாங்கலாமான்னு ஒரு எண்ணம் இருக்குது.

---

நேர்பேச்சு | 3 டிசம்பர், இரவு 10.58

பிளே ஸ்டோர். 25 டாலர், ஆயுசுக்கு ஒரே தடவை. மத்ததெல்லாம் நேர விரயம். அமேசான் ஆப்ஸ்டோர் 2011ல வந்துச்சு, 14 வருஷம் ஓட்டிட்டு இந்த ஆகஸ்ட் 20ஓட ஆண்ட்ராய்டு போன்ல கடையை மூடிட்டாங்க. நான் அதுலயும் ஒரு ஆப் வச்சிருந்தேன். மூடினது எனக்கே ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரியும், அந்த லட்சணத்துல ஆள் வந்துட்டிருந்தாங்க.

இழையை மூடலாம் :)

---

கீஸ்டோர்கிழவன் | 3 டிசம்பர், இரவு 11.30

மூட வேண்டாம். தம்பி, எந்தக் கடை என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அந்த 340 போனில் இருக்கும் ஏபிகே எந்தச் சாவியால் கையெழுத்தானது? நீங்களே ஒரு கீஸ்டோர் (கையெழுத்துச் சாவி இருக்கும் ஃபைல்) உருவாக்கினீர்களா, இல்லை எதையும் தொடாமல் ரிலீஸ் பில்ட் எடுத்து அனுப்பினீர்களா?

பதில் வரும்வரை பிளே கன்சோல் (பிளேவில் ஆப்பை ஏற்றும் இடம்) பக்கம் போகாதீர்கள். லேப்டாப்பை ஃபார்மட் செய்யாதீர்கள்.

---

பனியன்கோடு | 4 டிசம்பர், காலை 6.15

ஐயா, நீங்க கேட்ட கேள்வியில தூக்கம் போச்சுங்க. ஆப்பை பில்ட் பண்ற கிரேடில் ஃபைலைத் திறந்து பாத்தேன். ரிலீஸ் பகுதியில "உங்க சொந்த சைனிங் கான்ஃபிக்கை இங்கே சேருங்க"ன்னு ஒரு டூடூ குறிப்பு இருக்குது. அதுக்குக் கீழ "இப்போதைக்கு டீபக் (சோதனைக்கான) சாவியில கையெழுத்து"ன்னு ஃபிளட்டரே எழுதி வச்சிருக்குது. அந்த வரியை நான் இத்தனை நாளா கவனிக்கவே இல்லைங்க.

அப்ப 340 பேருக்கும் போனது டீபக் சாவிதானுங்களா? இதுல என்ன கேடு?

---

கீஸ்டோர்கிழவன் | 4 டிசம்பர், காலை 9.05

நினைத்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஃபிளட்டரில் முதல் ஆப் செய்பவர்களில் நிறைய பேர் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

விஷயம் இதுதான். ஒரு ஆப் யார் என்று ஆண்ட்ராய்டு அடையாளம் காண்பது இரண்டை வைத்து: பேக்கேஜ் பெயர் (ஆப்பின் உள் அடையாளப் பெயர்), சாவியால் போட்ட கையெழுத்து. பெயர் ஒன்றாக இருந்து கையெழுத்து வேறாக இருந்தால், "ஏற்கெனவே இருக்கிற பேக்கேஜோடு மோதுகிறது" என்று சொல்லி இன்ஸ்டால் செய்ய மறுத்துவிடும். இது நல்லதற்குத்தான். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் எவனோ ஒரு போலி அப்டேட் அனுப்பி அந்த 340 பேரின் கணக்கையும் படித்துவிடலாம்.

டீபக் சாவி என்பது உங்கள் லேப்டாப்பில் எஸ்டிகே (ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கருவித்தொகுப்பு) தானாகவே உருவாக்கி ஒரு மறைவான ஃபோல்டரில் போட்டு வைப்பது. அதன் பாஸ்வேர்டு உலகம் முழுக்க ஒன்றே, "ஆண்ட்ராய்டு". லேப்டாப் போனால் அந்தச் சாவியும் போயிற்று. புது லேப்டாப்பில் புதுச் சாவி வரும், அதன் பிறகு பழைய ஆட்களுக்கு ஒரு அப்டேட்கூட அனுப்ப முடியாது. டீபக் கையெழுத்துள்ள எதையும் பிளே கன்சோல் ஏற்காது. ஆக, உங்கள் 340 பேரை இதே பேக்கேஜ் பெயரில் பிளேவுக்குக் கூட்டிப்போக வழியில்லை.

இப்போதே அந்த டீபக் கீஸ்டோர் ஃபைலை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். மற்றதை மதியம் எழுதுகிறேன், ஒரு மீட்டிங் இருக்கிறது.

---

செவ்வந்தி | 4 டிசம்பர், காலை 11.20

அண்ணா மீட்டிங்ல இருக்கிற நேரத்துல என் கதையைச் சொல்லிடறேன். தப்பு முழுக்க என்னோடது.

மகளிர் குழு சந்தா கணக்குக்கு ஒரு ஆப். வெப்சைட்ல ஏபிகே வச்சு ஒரு வருஷம் ஓட்டினேன். சொந்தக் கீஸ்டோர், எல்லாம் சரிதான். பிளேவுக்குப் போனப்ப, முதல் ரிலீஸ்ல ஆப் சைனிங் சாவியைக் கூகுளே உருவாக்கட்டுமா, நீங்க ஏத்தறீங்களான்னு ஒரு இடத்துல கேக்கும். எதுவும் தொடலைன்னா கூகுள் உருவாக்கிடும். நான் தொடலை, அடுத்து அடுத்துன்னு அமுக்கிட்டே போயிட்டேன். க்ளோஸ்டு டெஸ்டுக்கு (வெளியிடறதுக்கு முன்னாடி சில பேர் மட்டும் போட்டுப் பாக்கறது) ஆள் வேணுமேன்னு ஏற்கெனவே வச்சிருந்த 15 அக்காக்களுக்கு லிங்க் அனுப்பினேன். இன்ஸ்டால் ஆகலைம்மான்னாங்க. பழசை எடுத்துட்டுப் போடுங்கக்கான்னேன்.

எடுத்துட்டாங்க. கணக்கும் அதோட போச்சு. ஒரு குழுவுல எட்டு மாசச் சந்தா. அந்த அக்கா என்னைத் திட்டவே இல்லை, ஒரு 80 பக்க நோட்டை எடுத்து முதல்லருந்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

என்னை மாதிரி ஏற்கெனவே சிக்கினவங்களுக்கு ஒரு வழி: பிளே கன்சோல்ல ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு பக்கம் இருக்கு. அங்க டவுன்லோட்ஸ்ல கூகுள் சாவியில கையெழுத்தான, எல்லாப் போனுக்கும் பொதுவான யுனிவர்சல் ஏபிகே கிடைக்கும். அதையே வெப்சைட்லயும் வைங்க. கையெழுத்து ரெண்டுலயும் ஒண்ணாயிடும், அதுக்கப்புறம் எங்க வாங்கினவங்களும் எங்கிருந்தும் அப்டேட் பண்ணலாம்.

---

நேர்பேச்சு | 4 டிசம்பர், மதியம் 12.10

சாவியைக் கூகுள் வச்சுக்கட்டுமே, என்ன இப்போ? சொந்தமா வச்சுத் தொலைச்சவங்களைத்தான் நான் நிறையப் பாத்திருக்கேன். எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் வேலையை விட்டுப் போனார், பாஸ்வேர்டும் அவரோடயே போச்சு. புதுப் பேர்ல புது ஆப், ரேட்டிங் முதல்லருந்து.

---

கீஸ்டோர்கிழவன் | 4 டிசம்பர், மதியம் 2.40

நேர்பேச்சு சொல்வதும் உண்மை, அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். சாவியை நீங்கள் உருவாக்குங்கள், அதன் நகலைப் பிளேவுக்குக் கொடுங்கள். உங்களிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று. தினசரி பண்டில் (பிளேவுக்கு அனுப்பும் ஆப் ஃபைல்) ஏற்றுவதற்கு அப்லோட் சாவி என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். அது தொலைந்தால் கன்சோலில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தொலையக் கூடாதது ஆப் சைனிங் சாவி மட்டும்தான்.

பனியன்கோடு, உங்களுக்கு நான் சொல்லும் வழி சுற்றுவழி. ஆனால் யாருடைய கணக்கும் அழியாது.

கடைசியாக ஒரு வாட்ஸ்அப் அப்டேட் விடுங்கள், அதே லேப்டாப்பில் அதே டீபக் சாவியில். அதில் புதிதாக ஒரே ஒரு பொத்தான்: "கணக்கை ஃபைலாக எடு". அந்த ஃபைல் எங்கே போய் உட்காருகிறது என்பதில் கவனம். ஆப்புக்கான சொந்த ஃபோல்டரில் எழுதினால் பழைய ஆப்பை நீக்கும்போது அதுவும் சேர்ந்து அழியும். சிஸ்டத்தின் ஃபைல் பிக்கரைத் திறந்து டவுன்லோட்ஸில் சேமிக்க வையுங்கள். பிறகு புதுப் பேக்கேஜ் பெயரில் புது ஆப். பெயர் வேறு என்பதால் பழையதும் புதியதும் ஒரே போனில் அருகருகே இருக்கும், மோதாது. புதியது முதல் முறை திறக்கும்போதே "பழைய கணக்கு ஃபைல் இருக்கிறதா?" என்று கேட்கட்டும்.

புது ஆப்புக்கு கீடூலில் சாவி உருவாக்கும்போது 10,000 நாள் என்று கொடுங்கள், 27 வருஷம் வரும். 2033 அக்டோபர் 22க்கு முன்னால் காலாவதியாகும் சாவியைப் பிளே எடுத்துக்கொள்ளாது.

இதைச் செய்துவிட்டால் அப்புறம் பிளே, இண்டஸ், சாம்சங், உங்கள் வெப்சைட், எங்கே வைத்தாலும் ஒரே கையெழுத்து. வாட்ஸ்அப்பில் வாங்கியவருக்குக்கூடப் பிளே ஸ்டோரே அப்டேட் கொடுக்கும். உங்களுடைய "மூணு வெர்ஷன்" தொல்லை அங்கேதான் தீரும்.

---

அரைவேக்காடு | 4 டிசம்பர், மாலை 4.02

ஏபிகே சைனர்ல சாவியைச் சுழற்ற வழி இருக்கே? பழைய சாவி புதுச் சாவிக்குச் சாட்சி சொல்ற மாதிரி. எதுக்கு ரெண்டு ஆப்?

---

கீஸ்டோர்கிழவன் | 4 டிசம்பர், மாலை 4.30

இருக்கிறது, ஆண்ட்ராய்டு 9க்கு மேல். அதற்குக் கீழே இருக்கிற போனுக்குப் பழைய கையெழுத்தையும் சேர்த்தே கட்டிக்கொண்டு அழ வேண்டும். நாலு வருஷம் கழித்து அந்த டீபக் சாவி எங்கே என்று தேடப்போவதும் இவர்தான். 340 பேர் என்பது இன்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிடக் கூடிய எண்ணிக்கை. இதுவே 34,000 ஆக இருந்தால் நானும் உங்கள் கட்சி.

---

பனியன்கோடு | 4 டிசம்பர், இரவு 11.15

எங்க ஆளுங்ககிட்ட 8.1 ஓடற போனெல்லாம் இன்னும் இருக்குதுங்க, ரெண்டு ஜிபி ரேம். கிழவனார் வழியிலயே போறேன். பென்டிரைவ்ல காப்பி எடுத்தாச்சு.

---

கடல்கடந்தான் | சிங்கப்பூர் | 5 டிசம்பர், காலை 8.20

நல்ல இழை. இதில் யாரும் இன்னும் தொடாத ஒன்று. வெப்சைட்டில் ஏபிகே வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது.

ஆண்ட்ராய்டில் ஆப் கொடுப்பவர் எவராக இருந்தாலும், எந்தக் கடை வழியாகக் கொடுத்தாலும், தான் யார் என்று பதிவு செய்ய வேண்டும் என்று கூகுள் இந்த ஆகஸ்டில் அறிவித்தது. பிளே சேவைகளோடு வரும் சான்றளிக்கப்பட்ட போன்களுக்கெல்லாம் இது பொருந்தும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள். முதல் நாலில் எங்கள் ஊர் இருப்பதால் நான் கொஞ்சம் முன்னாலேயே பதறுகிறேன் :)

அந்தப் பதிவிலும் பேக்கேஜ் பெயரைச் சொல்லி, அதற்கான சாவி உன்னிடம் இருப்பதைக் காட்டு என்றுதான் கேட்கிறார்கள். ஆக, கிழவனார் கேட்ட அதே கேள்விக்குத்தான் அங்கும் பதில் சொல்ல வேண்டும். எதிர்ப்பு நிறையக் கிளம்பியதால் நவம்பரில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும் குறைந்த எண்ணிக்கைப் போன்களுக்கு மட்டும் என்று ஒரு கணக்கு வகை. ஆபத்து தெரிந்தே போட்டுக்கொள்கிறேன் என்பவருக்கு ஒரு தனிப்பாதை.

கோபப்படுவதா இல்லையா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. என் அம்மாவின் போனில் யாரோ அனுப்பிய ஏபிகே ஏறிவிடக் கூடாது என்று நினைப்பதும் நான்தான். நான் எழுதிய ஆப்பை என் தம்பிக்குக் கொடுக்க எதற்கு அடையாள அட்டை என்று கேட்பதும் நான்தான்.

---

கட்டற்றவன் | 5 டிசம்பர், காலை 9.45

இதில் பாதிக்கப்படப் போவது எஃப்-டிராய்டு. 2010லிருந்து நடக்கிறது. கணக்குத் திறக்கச் சொல்லாது, கண்காணிக்காது. நிரல் திறந்ததாக இருந்தால் அவர்களே மூலத்திலிருந்து பில்ட் செய்து கொடுப்பார்கள். பிறர் ஆப்களின் பெயர்களை எஃப்-டிராய்டே தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவும் முடியாது, ஆப் எழுதிய ஒவ்வொருவரையும் போய்ப் பதிவு செய் என்று வற்புறுத்தவும் முடியாது. இந்த விதி அப்படியே வந்தால் எங்கள் கதை முடிந்தது என்று செப்டம்பரில் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

பனியன்கோடு, உங்கள் ஆப் அங்கே போக நிரலைத் திறக்க வேண்டும், ஃபயர்பேஸ் (கூகுளின் சேவை) இருக்கக் கூடாது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக எஃப்-டிராய்டு தன் சொந்தச் சாவியில்தான் கையெழுத்திடும். உங்கள் கையெழுத்தையே வைக்க வேண்டுமென்றால் பில்ட் ஒவ்வொரு பைட்டும் அச்சு அசலாக மறுபடி வர வேண்டும். செய்யலாம், பொறுமை வேண்டும்.

---

பனியன்கோடு | 5 டிசம்பர், மதியம் 1.10

கிராஷ் ரிப்போர்ட்டுக்கு ஃபயர்பேஸ் இருக்குதுங்க. எஃப்-டிராய்டு இப்போதைக்கு வேண்டாம். எங்க டெய்லருங்க ஒருத்தரும் அங்க தேட மாட்டாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க.

இண்டஸ் பத்தி யாராவது சொல்லுங்க. போன்பே ஆளுங்க 2024 பிப்ரவரியில ஆரம்பிச்சது, 12 இந்திய மொழியில இருக்குது. ஹிந்தி டெய்லருங்களுக்கு உதவுமான்னு ஒரு நப்பாசை.

---

வட்டிக்கணக்கு | 5 டிசம்பர், மதியம் 3.00

இண்டஸ்ல போடறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல, கையெழுத்து ஒண்ணா இருந்தா. ஆனா அந்தக் கடையையே முதல்ல வெளியிலருந்து ஏபிகேயா இறக்கணும், போன்ல ஏற்கெனவே வந்திருந்தாத்தான் இல்ல. போட்டிக் கடைகளையும் பிளேக்குள்ள வைக்க விடணும்னு 2022ல போட்டி ஆணையம் சொன்னதை 2023 மார்ச்சுல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எடுத்துடுச்சு. 1,337.76 கோடி அபராதம் மட்டும் நின்னுச்சு. அதனால "இண்டஸ்ல இருக்கு, போய் எடுத்துக்கோ"ன்னு ஒரு டெய்லர்கிட்ட சொன்னா, அவர் ரெண்டு ஆப் இன்ஸ்டால் பண்ணணும். கல்யாணப் பத்திரிகை பயம் ரெண்டு மடங்கு.

199 ரூபா விஷயத்துக்கு வர்றேன், எனக்குப் பிடிச்ச ஏரியா இதுதான். ஆப்புக்குள்ள விக்கிற டிஜிட்டல் சரக்குக்குப் பிளே பில்லிங். சந்தான்னா 15 சதவீதம், 29 ரூபா 85 காசு அவங்களுக்கு. 30 சதவீதம்னு ஊர்ல பேசறது பெரிய ஆளுங்க கணக்கு. எங்களை மாதிரி வருஷ வருமானம் முதல் 10 லட்சம் டாலரைத் தாண்டாத சனத்துக்கு 2021 ஜூலையிலருந்து 15தான். இந்தியாவுல வேற பேமெண்ட் முறையையும் பக்கத்துல காட்டலாம், அதுக்கு 4 சதவீதம் குறைப்பாங்க. 7 ரூபா 96 காசு மிச்சம். அதுல கேட்வேக்காரன் ரெண்டு சதவீதம் எடுத்தா கையில நிக்கிறது 4 ரூபா. அந்த 4 ரூபாவுக்கு ரீஃபண்ட் பஞ்சாயத்தெல்லாம் நாமளே பாக்கணும். நான் பண்ண மாட்டேன்.

பெரிய கம்பெனிகளே இதுல மோதிப் பாத்துட்டாங்க. சென்னை பாரத் மேட்ரிமோனி உள்பட சிலர் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, மனு தள்ளுபடி. உச்ச நீதிமன்றத்துல இடைக்காலத் தடையும் கிடைக்கல. 2024 மார்ச் 1 அன்னைக்கு அவங்க ஆப்கள் பிளேல காணோம். அரசு கூப்பிட்டுப் பேசின பிறகு சில நாள்ல திரும்ப வந்துச்சு. நம்ம ஆப் காணாமப் போனா எந்த அமைச்சர் கூப்பிட்டுப் பேசுவார்?

என் யோசனை: டெய்லர்கிட்ட ஒரு பைசா வாங்காதீங்க. காண்ட்ராக்டர் ரிப்போர்ட்டை வெப்ல வைங்க. அவர்கிட்ட நேர்ல யூபிஐல வாங்கிக்கோங்க, லாகின் குடுங்க. வெளியில வாங்கின கணக்கை ஆப்புக்குள்ள லாகின் பண்ணிப் பாக்கறதுக்குத் தடையில்ல. ஆனா ஆப்புக்குள்ள "இங்க போய்க் காசு கட்டு"ன்னு ஒரு வரி, ஒரு லிங்க் இருக்கக் கூடாது. இருந்தா மாட்டுவீங்க.

---

செவ்வந்தி | 5 டிசம்பர், மாலை 5.35

வட்டி அண்ணா சொன்னதுல இன்னொரு லாபமும் இருக்கு. தனிநபர் கணக்குல ஆப் வழியா சம்பாதிக்க ஆரம்பிச்சா உங்க முழு முகவரியும் பிளே பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். சம்பாதிக்கலைன்னா பேரும் நாடும் மெயிலும் மட்டும். நான் தனியா இருக்கேன், வீட்டுக் கதவு நம்பரை ஊருக்குக் காட்ட இஷ்டமில்ல. அதுக்காகவே என் ஆப்புல விளம்பரம்கூட வைக்கல.

அப்புறம் டெஸ்டர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குன்னா 12 பேர், 14 நாள் விடாம க்ளோஸ்டு டெஸ்ட்ல இருக்கணும். முதல்ல 20ன்னு வச்சிருந்து போன டிசம்பர்ல குறைச்சாங்க. டெஸ்டரைக் காசுக்கு விக்கிற குரூப்லாம் டெலிகிராம்ல இருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்க. உங்களுக்குத்தான் ஒரு யூனிட்டே இருக்கே!

---

அரைவேக்காடு | 5 டிசம்பர், மாலை 6.00

கம்பெனிக் கணக்குன்னா அந்த 12 பேர் தொல்லை இல்ல, ஆனா டன்ஸ் நம்பர் (கம்பெனியை அடையாளம் காட்டற எண்) வேணும். காசில்லாமலே வாங்கலாம், சில வாரம் இழுக்கும்.

---

கீஸ்டோர்கிழவன் | 5 டிசம்பர், இரவு 9.10

இன்னொன்று விட்டுப்போயிற்று. உங்கள் வாட்ஸ்அப் பில்டில், ஆப்பே புது ஏபிகேயை இறக்கிப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு ஏதாவது இருந்தால், பிளே பில்டில் அதை எடுத்துவிடுங்கள். பிளே வழியாகப் போன ஆப் பிளே வழியாக மட்டும்தான் அப்டேட் ஆக வேண்டும் என்பது விதி. கிரேடிலில் இரண்டு ஃபிளேவர் (ஒரே நிரலின் இரண்டு வடிவம்) வைத்துக்கொண்டால் போதும். வெர்ஷன் கோடு மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே ஏறட்டும். வெப்சைட்டில் 41, பிளேயில் 38 என்று விட்டால் பிளே உங்கள் ஆளைத் தொடாது.

---

பனியன்கோடு | 9 ஜனவரி 2026, இரவு 11.50

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து, கொஞ்சம் முன்னாடியே. ஆப் பிளேல வந்துடுச்சுங்க!

நடந்ததைச் சொல்லிடறேன், அடுத்து வர்றவங்களுக்கு ஆகும். புதுப் பேக்கேஜ் பேரு, சொந்தச் சாவி, ஏத்தினதும் நம்ம சாவிதான். டெஸ்டருக்கு எங்க வீதி யூனிட்ல 14 பேரைச் சேத்தேன். ரெண்டு பேர் இடையில ஊருக்குப் போய் போனை மாத்திட்டாங்க. நல்லவேளை, 12 நின்னுச்சு. டெஸ்ட் பத்தி பிளே கேட்ட கேள்விக்கெல்லாம் யார் யார் என்ன குறை சொன்னாங்க, என்ன மாத்தினேன்னு விவரமா எழுதினேன். உண்மையாவே ஓவர்லாக் அக்கா ஒருத்தங்க "டஜன் போடற எடத்துல பீஸ் போட்டுட்டா சம்பளம் பன்னண்டு மடங்கு காட்டுது, எனக்குச் சந்தோசந்தான், காண்ட்ராக்டருக்குத்தான் நெஞ்சு வலி"ன்னாங்க. அதைச் சரி பண்ணினேன்.

340 பேர்ல இதுவரைக்கும் 212 பேர் புதுசுக்கு வந்துட்டாங்க. பதினொரு பேர் ஃபைல் எடுக்காமயே பழசை நீக்கிட்டாங்க. பொத்தானைப் பெருசா வச்சிருக்கணும், செட்டிங்ஸ்குள்ள ஒளிச்சு வச்சது என் தப்பு. நாலு பேருக்குக் காண்ட்ராக்டர் நோட்டுல இருந்து நானே உக்காந்து கணக்கு ஏத்திக் குடுத்தேன். மீதி ஏழு பேர் "போனா போகட்டும் விடுங்க"ன்னுட்டாங்க. மிச்ச 117 பேர் இன்னும் பழசுலதான். அதுல எத்தனை பேர் ஆப்பைத் திறக்கறாங்கன்னே தெரியலைங்க.

ஒரு விஷயம் நான் எதிர்பாக்காதது. பிளேல தேடிப் பாத்து வந்தவங்க ஒருத்தரும் இல்லை. எல்லாம் கியூஆர் கோடுதான். பிளே லிங்க்கை கியூஆரா அடிச்சு, லேமினேட் பண்ணி, டீக்கடை செவுத்துலயும் யூனிட்ல தண்ணி கேன் பக்கத்துலயும் ஒட்டினேன். டைம் ஆபீஸ்ல ஒட்டினது ஒண்ணுகூட வேலை செய்யலை. சனிக்கிழமை டீக்கடையில மட்டும் 19 பேர். சைஸும் குறைஞ்சது: யுனிவர்சல் ஏபிகே 54 எம்பி இருந்துச்சு, பிளே வழியா அந்தந்தப் போனுக்குத் தேவையானது மட்டும் போறதால 19 எம்பி.

இண்டஸ்லயும் அதே கையெழுத்துல ஏத்தி வச்சிருக்கேன். ஆறு பேர். வெப்சைட்லயும் ஏபிகே இருக்குது.

---

நேர்பேச்சு | 10 ஜனவரி, காலை 7.30

ஆக, பிளே ஸ்டோர். முதல் நாளே சொன்னேன் :)

---

செவ்வந்தி | 10 ஜனவரி, காலை 7.52

நீங்க சொன்ன அன்னைக்கே போயிருந்தா 340 பேர் கணக்கும் போயிருக்கும்ண்ணா.

பனியன்கோடு, அந்த கீஸ்டோர் இப்ப எங்க இருக்கு?

---

பனியன்கோடு | 10 ஜனவரி, மதியம் 12.40

ரெண்டு பென்டிரைவ்ல. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு வீட்டுப் பீரோவுல பத்திரத்தோட. பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி அம்மாகிட்ட குடுத்திருக்கேன். அவங்க அதை எல்ஐசி பாலிசிக்குள்ள மடிச்சு வச்சிருக்காங்க.

இப்ப ஒரு புதுச் சிக்கலுங்க. காண்ட்ராக்டருங்கள்ல ஐபோன் வச்சிருக்கறவரு ஒரே ஒருத்தரு. ரிப்போர்ட் அவருக்கு வேணுமாம். ஆப்பிளுக்கு வருசா வருசம் 99 டாலர் கட்டணும், பில்ட் எடுக்க மேக் வேணும். எங்கிட்ட மேக் இல்லை. ஒரு ஆளுக்காக என்ன பண்றது?

---

வட்டிக்கணக்கு | 10 ஜனவரி, மதியம் 1.05

ரிப்போர்ட் வெப்லதானே இருக்கு? சஃபாரியில திறந்து ஹோம் ஸ்கிரீன்ல சேக்கச் சொல்லுங்க, ஐகானோட ஆப் மாதிரியே நிக்கும். ஐஓஎஸ் 16.4லருந்து நோட்டிஃபிகேஷனும் வரும். ஒரு ஆளுக்கு 99 டாலர்னா 199 ரூபா சந்தாவுல எத்தனை வருஷம் ஆகும்னு போட்டுப் பாருங்க.

---

பனியன்கோடு | 10 ஜனவரி, மாலை 6.20

சேத்துக் குடுத்தேன். ஐகானைப் பாத்துட்டு "இது ஆப் ஸ்டோர்ல வந்ததா?"ன்னாரு. இல்லைங்க, வெப்ங்கன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. அந்த 99 டாலரை நானே தர்றேன், பேரு மட்டும் ஸ்டோர்ல வரட்டுங்கறாரு. பழைய மேக் மினி யார்கிட்டயாவது இருந்தா தனிச்செய்தியில சொல்லுங்க.